கண்ணுக்கும் செவிக்கும் ஓர் எல்லை

அறிவே உயிரின் இயல்பு என்பது ஜைன தத்துவத்தின் அடிப்படை. காண்டலும் அறிதலும் அற்ற உயிர் எதுவுமில்லை. ஓரறிவுயிராகிய புல்லுக்கும் மரத்திற்கும்கூட அவ்வியல்பு உண்டு. வினைத்திரை முற்றிலும் நீங்கிய அருகப் பெருமானோ மூவுலகையும் முக்காலத்தையும் ஒருங்கே அறிகின்றார். இவ்வாறு அறிவை உயிரின் உடைமையாகவும், முழுதுணர்வை ஒழுக்கத்தின் பயனாகவும் போற்றும் நாம், ‘இனி அறிவதற்கு ஓர் எல்லை வகுப்போம்’ என்று சொல்வது பொருந்துமா? நம் இல்லங்கள்தோறும் கைப்பேசி புகுந்துவிட்ட இந்நாளில், சிராவகர்களாகிய நாம் நின்று நிதானித்து எண்ண வேண்டிய கேள்வி இது.

நம் முன்னோர் காலத்தில் நூலும் செய்தியும் அரிய பொருள்களாக இருந்தன. ஏட்டுச்சுவடி ஒன்றைப் படியெடுக்கப் பல திங்கள்கள் ஆயின. அதனாற்றான் சாஸ்திர தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. ஆகமம் ஏட்டில் ஏறிய நாளே சுருத பஞ்சமி என்னும் திருநாளாயிற்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, அந்நூலின் சமயப் பொருளைத் தெளிந்துகொள்ளக் கும்பகோணத்து ஜைன அன்பர்களின் இல்லங்களை நாடிச் சென்றார். 1887-ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறியது. ஒரு சொல்லின் பொருளுக்காக ஒருவர் மற்றொருவர் வாயிலில் காத்திருந்த காலம் அது.

இன்றோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. நாம் செய்தியைத் தேடிச் செல்வதில்லை. செய்தி நம்மைத் தேடி வருகிறது. கண் விழித்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் நூறு செய்திகள் காத்திருக்கின்றன. முகநூலும் யூடியூபும் ஒன்று முடியுமுன் அடுத்ததை நீட்டுகின்றன. செய்தி பெருகப் பெருக மனிதனின் கவனம் வறுமையுறும் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவர் கூற்றின் உண்மையை இன்று ஒவ்வொரு குடும்பமும் அனுபவத்தில் உணர்கிறது.

கேவலியின் அறிவும் நமது அறிவும்

மேலே எழுப்பிய கேள்விக்கு முதலில் விடை காண்போம். எல்லாம் அறிதல் அருகப் பெருமானுக்குச் சிறப்பாயின், பலவற்றை அறிதல் நமக்கு எவ்வாறு குறையாகும்?

கேவலியின் அறிவு பொறிகளின் வழியாக வருவதன்று. அது முயன்று தேடிப் பெறுவதுமன்று. வினைத்திரை விலகியதால் தானே விளங்குவது. கண்ணாடியில் பொருள்கள் தோன்றுவதுபோல் உலகம் அவ்வறிவில் தோன்றுகிறது. கண்ணாடி எப்பொருளையும் விரும்புவதுமில்லை, வெறுப்பதுமில்லை. நமது அறிவோ ஐம்பொறிகளையும் மனத்தையும் சார்ந்தது. வினைத்திரை நீங்காத உயிர்க்குக் காண்டலும் அறிதலும் ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழும்; இரண்டும் ஒருங்கு நிகழ்வது கேவலிக்கே உரியது என்று நேமிசந்திர ஆசாரியர் திரவிய சங்கிரகத்தில் விளக்குகிறார். இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். ஒரு கணத்தில் ஒன்றையே பற்றவல்ல அறிவின் முன், ஒரு கணத்தில் நூறு பொருள்களைக் கொட்டினால் அவ்வறிவு விரிவடைவதில்லை, சிதறுகிறது.

மேலும், நம்முடைய ஒவ்வோர் அறிதலோடும் விருப்பும் வெறுப்பும் கலந்தே வருகின்றன. ஆதலின் ‘எவ்வளவு அறிந்தோம்’ என்பதைவிட ‘எம்மனத்தோடு அறிந்தோம்’ என்பதே நமக்குரிய கேள்வியாகும். விருப்பு வெறுப்புகளைப் பெருக்கும் அறிதல், செய்தியின் அளவால் கேவல ஞானத்தை நோக்கிச் செல்வதுபோல் தோன்றினும், உண்மையில் அதனினின்று விலகியே செல்கிறது.

அறிதலின் நான்கு படிகள்

மதிஞானம் நான்கு படிகளில் நிகழ்வதாக நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். பொருளொன்று பொறிக்குப் புலனாகி, ‘ஏதோ ஒன்று’ என்று பற்றப்படுவது அவக்ரகம். அது இன்னதாகலாம் என்று ஆராய முற்படுவது ஈகை. ஆராய்ந்து இன்னதே என்று துணிவது அவாயம். துணிந்ததை மறவாது மனத்தில் நிறுத்துவது தாரணை. தொலைவில் வெண்மையாக ஒன்று தெரிகிறது. கொக்கோ கொடியோ என்று நோக்குகிறோம். சிறகடிப்பதைக் கண்டு கொக்கென்று தெளிகிறோம். பின்னொரு நாள் அதனை நினைவு கூர்கிறோம். இந்நான்கு படிகளும் நிறைந்தபோதே ஓர் அறிதல் நமக்கு உரியதாகிறது.

கைப்பேசித் திரையில் நிகழ்வது யாது? விரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே போகிறோம். பக்கத்தின் அடி என்பதே இல்லாதவாறு மேன்மேலும் நீளும் இந்த அமைப்பை 2006-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். மக்களின் பொழுது இதனால் வீணாவது கண்டு அவரே பின்னாளில் வருந்திப் பேசியுள்ளார். நூலுக்கு அத்தியாய முடிவு உண்டு. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நின்று எண்ணுவதற்கு அவை இடமளித்தன. முடிவில்லாத திரையிலோ முதற்படியாகிய அவக்ரகம் மட்டுமே ஆயிரம் முறை நிகழ்கிறது. ஆராய்தலுக்கு நேரமில்லை, ஆகவே தெளிதலும் இல்லை, நினைவில் நிறுத்தலும் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தபின் ‘என்ன பார்த்தாய்?’ என்று கேட்டால் விடை சொல்ல இயலாமற் போவதற்குக் காரணம் இதுவே. அறிவு வளர்ந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். வளர்ந்தது ஆவல் மட்டுமே.

ஊற்றின் வாயில்கள்

மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் அசைவே வினை புகும் ஊற்று. வெகுளி, மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்கள் கலக்கும்போது அவ்வினை உயிரோடு இறுகக் கட்டுறுகிறது. சமூக வலைத்தளங்கள் இயங்கும் முறையை இதனோடு பொருத்திப் பார்த்தால் வியப்புண்டாகும். எந்தப் பதிவைக் கண்டு மக்கள் நெடுநேரம் நிற்கின்றனரோ, எதற்கு மிகுதியாக விடை எழுதுகின்றனரோ, அதனையே அக்கணினி நிரல்கள் மேலும் பலர்முன் வைக்கின்றன. மனிதரை நிற்க வைப்பது எது? பிறர்மேற் சினம் மூட்டும் செய்தி. நம் இனமே உயர்ந்தது என்று செருக்கூட்டும் செய்தி. உள்ளதை மறைத்து இல்லதைக் காட்டும் படம். அயலார் வாங்கிய அணியையும் ஊர்தியையும் காட்டி ஆசை கிளர்த்தும் காட்சி. நான்கு கஷாயங்களுக்கும் நாள்தோறும் எண்ணெய் வார்க்கும் ஏற்பாடு இது. அந்நிறுவனங்களின் வருவாய் விளம்பரத்தால் வருவது. விளம்பரம் நம் கவனத்தைப் பொறுத்தது. எனவே நாம் அமைதியுற்று எழுந்து செல்வது அவற்றுக்கு ஆதாயமன்று.

செய்வித்தலும் உடன்படுதலும்

‘படிப்பதாலும் பகிர்வதாலும் யாருக்கு என்ன தீங்கு?’ என்று சிலர் வினவலாம். திருமலைக்குச் செல்லும் அன்பர்களுக்குப் போளூர் நன்கறிந்த ஊர். அதனை அடுத்த அத்திமூரில் 2018-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு காரில் வந்த மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கினார். பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக அந்நாள்களில் கைப்பேசிதோறும் செய்தி பரவியிருந்தது. அவர்களைக் கடத்தல்காரர் என்று கருதிய கூட்டம் அடித்துத் துன்புறுத்தியதில் அம்மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரைன்பாடா என்னும் சிற்றூரில், இதே போன்ற வதந்தியால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். நாட்டின் வேறு பல இடங்களிலும் அவ்வாண்டு இத்தகைய கொடுமைகள் நிகழ்ந்தன.

அக்காலத்தில் பெரிதும் பரவிய காணொளிகளுள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்தோர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது பாகிஸ்தான் நாட்டின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்துவதற்காக நடித்து எடுக்கப்பட்ட படமாகும். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவுரை எழுதிய அட்டையைக் காட்டுவதோடு அது முடியும். அம்முடிவை நீக்கிவிட்டு எஞ்சியதை யாரோ பரப்பிவிட்டனர்.

அதனைப் பகிர்ந்தோர் யாவர்? கொலைகாரர்களா? அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், அக்கம்பக்கத்தாரை எச்சரிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணம் உடையவர்கள். ஆயினும் ஹிம்சையை நம் ஆகமம் ஆராயும் முறை நுட்பமானது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்னும் மூன்றையும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் உறழ்ந்து ஒன்பது வழிகளைக் காட்டுகிறது. கல்லெடுத்தவன் கையோடு ஹிம்சை நின்றுவிடுவதில்லை. பிரமாதம், அதாவது விழிப்பின்மையே, ஹிம்சையின் வேர் என்பது நம் சமயத்தின் முடிபு. எறும்பு மிதிபடாமல் நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், விரல் நுனியால் அனுப்பும் ஒரு செய்தி எங்கே யார்மேல் விழும் என்று பாராதிருத்தல் தகுமா?

வாய்மை என்னும் அணுவிரதத்திற்குரிய அதிசாரங்களுள் ‘கூடலேகக் கிரியை’, அதாவது பொய்யான எழுத்தை உண்டாக்குதல், இடம்பெற்றிருப்பதும் பிறரது மறைவான செய்தியை வெளிப்படுத்துதல் அங்கேயே எண்ணப்பட்டிருப்பதும் நினைக்கத்தக்கவை. பயனில் பாவங்களை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்திலும், ‘துச்ருதி’ என்னும் தீயன கேட்டலும், ‘அபத்யானம்’ என்னும் பிறர்க்குக் கேடு எண்ணுதலும் விலக்கப்பட்டுள்ளன. கேட்பதும் ஒரு செயலே; அதற்கும் வினைப்பயன் உண்டு என்று கண்டவர்கள் நம் ஆசாரியர்கள்.

உண்மைச் செய்தியும் பொய்யாகும் விதம்

‘பொய்யை விலக்குவோம், உண்மையைப் பகிர்வதில் தடையென்ன?’ எனில், அதிலும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. எந்தக் கூற்றும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நான்கை ஒட்டியே உண்மையாகும் என்பது அநேகாந்த நெறி. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோயின் இரண்டாம் அலை வீசியபோது, இன்ன மருத்துவமனையில் படுக்கை உள்ளது, இன்னாரிடம் ஆக்சிஜன் உருளை கிடைக்கும் என்னும் செய்திகள் பல உயிர்களைக் காத்தன. ஆனால் அப்படுக்கை நிரம்பிய பின்னரும் அதே செய்தி சுற்றிக்கொண்டேயிருந்தது. நாள் குறிக்கப்படாத அச்செய்தியை நம்பி அலைந்தோர் பலர். காலையில் உண்மையாயிருந்தது மாலையில் பொய்யாயிற்று. கராச்சிப் படத்தில் இடமும் நோக்கமும் மறைந்தன. ஆக்சிஜன் செய்தியில் காலம் மறைந்தது. இந்நான்கும் தெரியாத செய்தியை ‘முற்றும் உண்மை’ என்று பற்றுவதே ஏகாந்தம் ஆகும்.

இவ்விடத்தில் சமூக வலைத்தளங்களின் நன்மையையும் மறைக்காது சொல்ல வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது படகும் உணவும் சென்று சேர அவை பெரிதும் துணை நின்றன. சிற்றூர்களை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் விழாச் செய்திகளையும் முனிவர்களின் வருகையையும் அவற்றால் அறிகின்றன. உலகின் துன்பத்தை அறியாது கண்மூடி இருப்பதும் கருணையாகாது. ஆனால் அறிந்த துன்பத்திற்கு நம்மால் இயன்றதைச் செய்வது வேறு. நாளெல்லாம் துன்பங்களைக் கண்டு, செய்வதற்கு ஒன்றுமின்றி, அடுத்ததற்குத் தாவுவது வேறு. முன்னது கருணையை வளர்க்கும். பின்னது அதனை மரத்துப் போகச் செய்யும்.

தரசேனர் வைத்த தேர்வு

ஆகமம் அழிந்துவிடுமோ என்று கவலையுற்ற தரசேன ஆசாரியர் கிர்நார் மலையிலிருந்து சொல்லியனுப்பி இரு முனிவர்களை வரவழைத்தார் என்பது தவளை உரை வழி வரும் வரலாறு. தம் ஞானத்தை அவர்களுக்கு உடனே வழங்கிவிடவில்லை. ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் தந்து செபிக்கச் சொன்னார். ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவர்க்கு இவ்விகாரம் இயல்பன்றே என்று இருவரும் ஐயுற்று, மந்திரத்தை இலக்கணத்தால் ஆராய்ந்து, மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் செபித்தனர்; தேவதைகள் செவ்விய உருவோடு தோன்றின. அதன் பின்னரே ஆசாரியர் அவர்களுக்கு ஆகமத்தை உபதேசித்தார். அவ்விருவரே ஷட்கண்டாகமத்தை இயற்றிய புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர்.

குருவே தந்ததாயினும், விகாரம் தோன்றியபோது நின்று ஆராய்ந்தவர்க்கே ஞானத்தை வழங்கும் தகுதி உண்டு என்பது இதன் கருத்தன்றோ? நம்மிடம் வரும் செய்தி அச்சத்தையோ வெறுப்பையோ அளவுக்கு மீறி எழுப்பினால், அதுவே பல் நீண்ட தேவதை என்று கொள்ளலாம். எங்கோ ஓரெழுத்து மிகுந்திருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது.

சுவாத்தியாயத்தின் ஐந்து உறுப்புகளும் இதனையே வலியுறுத்துகின்றன. படித்தல், ஐயம் கேட்டல், சிந்தித்தல், மீள ஓதிப் பயிலுதல் ஆகிய நான்கும் நிறைந்த பின்னரே ஐந்தாவதாகப் பிறர்க்கு உரைத்தல் வருகிறது. கைப்பேசி முதலாவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்து வைத்து, இடைப்பட்ட மூன்றையும் எடுத்துவிட்டது. 2018-ஆம் ஆண்டின் கொலைகளுக்குப் பின்னர், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் எல்லை வகுத்தது. 2019-இல் அதனை உலகெங்கும் விரித்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரே முறையில் ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று 2020-இல் மேலும் சுருக்கியது. வணிக நிறுவனமே எல்லை வகுக்கும்போது, விரதநெறியில் வந்த நாம் நமக்கு நாமே எல்லை வகுத்துக்கொள்ளத் தயங்குவானேன்?

இல்லறத்தார்க்குரிய எல்லைகள்

இதற்குப் புதிய விரதம் எதனையும் தேட வேண்டுவதில்லை. தேசாவகாசிகம் என்னும் விரதம் நமக்கு உண்டு. இன்ன காலம் வரையில் இவ்வீட்டை, இவ்வூரைக் கடவேன் என்று இடத்தையும் காலத்தையும் சுருக்கிக்கொள்வது அது. அதற்கு ஆசாரியர்கள் கூறிய ஐந்து அதிசாரங்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. தான் எல்லைக்குள் இருந்துகொண்டே வெளியே ஆளை அனுப்புதல், வெளியிலிருந்து பொருளை வருவித்தல், குரல் கொடுத்தல், உருவைக் காட்டிக் குறிப்பு உணர்த்துதல், கல் முதலியவற்றை எறிந்து அழைத்தல் ஆகியனவே அவை. உடல் வீட்டில் இருந்தாலும் இவ்வைந்தால் மனம் வெளியே சென்றுவிடும் என்பதை அவர்கள் நன்கு கண்டனர். கைப்பேசி செய்யும் பணிகளை எண்ணிப் பாருங்கள்: அனுப்புகிறது, வருவிக்கிறது, குரல் கொடுக்கிறது, உருக் காட்டுகிறது, எறிந்து அழைக்கிறது. ஆதலின் இவ்விரதம் ஏற்போர் அக்கால எல்லை முடியும் வரையில் கைப்பேசியை எடுத்து வைத்துவிடுவதே முறையாகும்.

ஞாயிறு மறைந்தபின் உண்ணாமை நம் குடும்பங்களின் அடையாளம். இரவில் உணவில் விழும் சிற்றுயிர் கண்ணுக்குப் புலனாகாது என்பது அதற்குக் கூறும் காரணங்களுள் ஒன்று. இரவில் சோர்ந்த மனத்தில் விழும் செய்திக்கும் அது பொருந்தும். விழுவது இன்னதென்று பகுத்தறியும் ஆற்றல் அப்போது குறைந்திருக்கும். வயிற்றுக்கு வகுத்த எல்லையைக் கண்ணுக்கும் வகுக்கலாம். தொழில் காரணமாக இயலாதோர் ஒரு குறித்த நேரத்தையேனும் கொள்ளலாம்.

நீரை வடிகட்டிப் பருகுவது நமது மற்றோர் அடையாளம். செய்திக்கும் துணி ஒன்று வேண்டும். யார் சொன்னது, எங்கே நிகழ்ந்தது, எப்போது, என்ன நோக்கத்தோடு என்னும் நான்கு இழைகளால் நெய்த துணி அது. அதில் தங்காது செல்வதை மட்டும் கொள்க. வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே விடுவது மரபு. அவ்வாறே பொய்யென்று கண்டதை அனுப்பிய அன்பரிடமே தனியாகவும் பணிவாகவும் தெரிவிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அறியாது அனுப்பியதைப் பலர்முன் எள்ளி நகையாடுதல், பொய்யைத் திருத்தும் பணியில் மானக் கஷாயத்தைச் சேர்ப்பதாகும்.

பரிக்கிரக பரிமாணத்தைப் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதாகக் கருத வேண்டியதில்லை. எத்தனைக் குழுக்களில் இருப்பது, எத்தனைப் பக்கங்களைப் பின்தொடர்வது என்பதற்கும் அளவு கொள்ளலாம். அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் நோன்பு ஏற்போர் அந்நாளில் திரையையும் துறந்து, அந்த நேரத்தை நூலுக்கும் சாமாயிகத்திற்கும் அளிக்கலாம். பெற்றோர் கைப்பேசியில் மூழ்கியிருந்துகொண்டு பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் முதலில் ஏற்ற விரதமே பிள்ளைகளைச் சென்றடையும்.

கல்வியைக் கூறுமிடத்து, பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்தை உவமை காட்டுகிறது ஜைன முனிவர்கள் அருளியதாகப் போற்றப்படும் நாலடியார். அன்னத்தின் சிறப்பு மிகுதியாகப் பருகுவதில் இல்லை. கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளுவதில் உள்ளது. ஊற்றை அடைக்காமல் படகிலுள்ள நீரை இறைப்பவன் கரை சேர்வதில்லை. செறிப்பு முதலில், உதிர்ப்பு பின்னர். கண்ணுக்கும் செவிக்கும் நாம் வகுக்கும் எல்லை அறிவைக் குறுக்குவதன்று; உயிரின் இயல்பாகிய அறிவு கலங்காது விளங்குவதற்குக் கோலும் கரையே ஆகும். இன்றே ஒரு நாழிகையளவேனும் அவ்வெல்லையை ஏற்று, நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைப் பேணி வாழ்வோமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!